மண் பாதையில் பல நாள் பைக் பயணம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

மண் பாதையில் முதல் தடவையாகப் பல நாள் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் தயாராகிறார்கள். முதலில் பக்கப் பெட்டி வாங்குகிறார்கள், அப்புறம் கூடுதல் விளக்கு, அப்புறம் வரைபடத்தில் கோடு போடுவது, கடைசியில் நேரம் மிஞ்சினால் ஓட்டிப் பழகுவது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் தோள்பட்டை கழன்று போகிற மாதிரி வலித்து, நாலைந்து முறை விழுந்து, பஞ்சர் ஒட்டத் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. வேலை செய்த வரிசை தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவைப்படுகிறது.

1. பைக்குக்கு முன்னால் உங்கள் கால்

பணம் ஓரளவுதான் இருக்கிறது என்றால் அதில் முதல் பங்கு பூட்ஸுக்குப் போகட்டும். மண் பாதையில் பெரும்பாலான விழுதல்கள் மெதுவான வேகத்தில் நடக்கின்றன. அப்போது பைக் சாய்ந்து காலின் மேல்தான் விழும். கணுக்கால் வளையாமல் பிடிக்கிற, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை வருகிற, அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் வேண்டும். மலையேறும் காலணி நடக்க நன்றாக இருக்கும், ஆனால் 200 கிலோ எடைக்கு அடியில் கணுக்காலைக் காப்பாற்றாது.

ஹெல்மெட், கையுறை, முழங்கால், முழங்கை, முதுகுக் கவசங்கள் அதற்கடுத்து. கவசம் வாங்கும்போது தடிமனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலையில் கை கால் கவசத்துக்கு இஎன் 1621-1, முதுகுக்கு இஎன் 1621-2. இரண்டிலும் லெவல் 2 என்பது லெவல் 1-ஐ விட அடியின் வேகத்தை உடம்புக்குக் குறைவாகக் கடத்தும்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டு கியர் மாற்ற வருகிறதா என்று பாருங்கள். வராது. அடி தடிமனாக இருப்பதால் கியர் லீவரை ஒரு பல் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். பூட்ஸ் முதலில் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அடுத்த படியில் பைக்கைச் சரிசெய்யப் போவது இந்தக் காலுக்காகத்தான்.

2. நின்றுகொண்டு ஓட்ட பைக்கைச் சரிசெய்தல்

மண்ணில் நேரம் பாதிக்கு மேல் நின்றுகொண்டுதான் ஓட்டுவீர்கள். நிற்கும்போது உங்கள் எடை சீட்டிலிருந்து கால்மிதிக்கு இறங்குகிறது, முழங்கால் இன்னொரு சஸ்பென்ஷனாக வேலை செய்கிறது, பைக் உங்களுக்குக் கீழே தாராளமாக ஆடலாம். ஆனால் கடையிலிருந்து வரும் பைக் உட்கார்ந்து ஓட்டுவதற்காகச் சரிசெய்யப்பட்டிருக்கும்.

பைக்கை யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறி நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு கொஞ்சம் பின்னால், முதுகு நேராக, முழங்கை வெளிப்பக்கம். இப்போது கைப்பிடி கைக்கு எட்டுகிறதா, இல்லை அதைத் தொட முதுகை வளைத்துக் குனிகிறீர்களா? குனிந்தால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் முன்னால் சுழற்றுங்கள். அது போதாவிட்டால் மட்டும் உயர்த்தும் கட்டை வாங்குங்கள். உயர்த்திய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த கேபிளும் இழுபடவில்லை என்று பார்க்க மறக்காதீர்கள்.

அப்புறம் லீவர்கள். நின்றிருக்கும்போது விரல்கள் முன்கையோடு நேர்கோட்டில் நீண்டு லீவரில் உட்கார வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கமாக மடிந்தால் அரைமணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டை, பலமாகத் தட்டினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முழுக்க இறுக்கினால் விழும்போது லீவர் முறியும், இப்படி விட்டால் சுழன்று தப்பிக்கும். பின் பிரேக் மிதியையும் நின்ற நிலையில் வைத்துச் சரிபாருங்கள். பூட்ஸின் நுனி தானாகவே அதன்மேல் படிய வேண்டும்.

கால்மிதியில் ரப்பர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஈரமான ரப்பரில் பூட்ஸ் வழுக்கும்.

3. சுமை இல்லாத பைக்கில், மெதுவாக

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மெதுவாக ஓட்டுவது சலிப்பாக இருக்கும். ஆனால் கரடுமுரடான இடத்தில் காப்பாற்றப்போவது மெதுவான ஓட்டம்தான். ஒரு காலி மண் திடல் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் வீதம் நாலு வாரம் கொடுங்கள்.

முதல் பயிற்சி, நடக்கிற வேகத்துக்கும் கீழே போவது. முதல் கியர், ஆக்சிலேட்டர் லேசாகத் திறந்து அப்படியே இருக்கட்டும். வேகத்தை ஹாஃப் கிளட்ச்சால் (கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் பிடித்து) கூட்டிக் குறையுங்கள், பின் பிரேக்கை மெல்லிதாக அழுத்தியபடியே இருங்கள். எஞ்சின் இழுக்க, பிரேக் தடுக்க, நடுவில் பைக் இறுகி நிமிர்ந்து நிற்பதைக் கை உணரும். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் பைக் அந்த நொடியே உள்பக்கம் விழும்.

இரண்டாவது, நின்றுகொண்டு எட்டுப் போடுவது. பைக்கை உள்ளே சாயுங்கள், உங்கள் உடம்பு வெளியே இருக்கட்டும், வெளிப்பக்கக் கால்மிதியில் எடையைப் போடுங்கள். தார்ச்சாலையில் செய்வதற்கு நேர் எதிர் இது. உதிரி மண்ணில் டயருக்குப் பிடிப்பு குறைவு, அதனால் உடம்பு எடை டயருக்கு நேர் மேலே நின்று அழுத்த வேண்டியிருக்கிறது. பார்வை எட்டின் அடுத்த வளைவில் இருக்கட்டும். முன்சக்கரத்தைப் பார்த்தால் எட்டு சுருங்கி, பைக் நின்று, கால் கீழே போய்விடும்.

மூன்றாவது பிரேக். நேர்கோட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்படி பின் பிரேக்கை அழுத்திச் சறுக்க விடுங்கள். சறுக்கும்போது பயப்படாமல் இருக்கப் பழகத்தான் இது. அப்புறம் முன் பிரேக்கை ஒரு விரலால், கசக்குகிற மாதிரி மெல்லக் கூட்டுங்கள். முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள பைக் என்றால், பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வழி இருந்தால் மண்ணில் அணைத்துவிடுங்கள். உதிரி மண்ணில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து நிறுத்தும், ஏபிஎஸ் அதை உருள விடுவதால் நிற்கும் தூரம் கூடும். முன்சக்கரத்தில் ஏபிஎஸ் இருப்பது நல்லது, புதியவர்கள் அதை அணைக்க வேண்டாம். பல பைக்குகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் மறுபடி இயங்க ஆரம்பித்துவிடும். இறக்கத்தின் தலைப்பில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த மூன்றையும் சுமை இல்லாமல் பழகச் சொல்வதற்குக் காரணம், சுமை உங்கள் தவறுகளை மறைக்கும். பைக் விழுந்தால் எடை அதிகம் என்று பழி போடத் தோன்றும், கண் எங்கே பார்த்தது என்று யோசிக்கத் தோன்றாது.

4. விழுந்த பைக்கைத் தூக்குதல்

பழகும்போது எப்படியும் விழும். அதுவே தூக்கப் பழகும் நேரம். முதலில் எஞ்சினை அணையுங்கள், அப்புறம் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். உடம்பில் அடி இருக்கிறதா, பெட்ரோல் சிந்துகிறதா என்று பாருங்கள். அவசரமாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வது விழுந்ததைவிடப் பெரிய சேதம்.

பைக் வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்னால் சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளி வையுங்கள். கியரில் போடுங்கள், உருளாமல் இருக்கும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிடுங்கள், நடுவில் இருந்தால் தூக்கும்போது சட்டென்று சுழலும். சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தி, ஒரு கை கைப்பிடியில், மறு கை பின்பக்கச் சட்டத்தில். முதுகால் இழுக்காமல், காலால் தரையைத் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து நிமிர்த்துங்கள். சரிவில் விழுந்திருந்தால் சக்கரங்கள் தாழ்ந்த பக்கம் வரும்படி முதலில் பைக்கைத் தரையிலேயே சுழற்றிக்கொள்ளுங்கள்.

தனியாகத் தூக்க முடியவில்லையா? அப்படியென்றால் ஒன்று எடை குறைவான பைக், இல்லாவிட்டால் துணையோடு பயணம். இது வீட்டுப் பக்கமே தெரிந்துவிடுவது எவ்வளவு நல்லது.

5. டயரும் காற்றும்

பைக்கில் எதை மாற்றினாலும் டயர் மாற்றியது போல வித்தியாசம் தெரியாது. மண் பாதை அதிகம் என்றால் கட்டை கட்டையான டயர் வேண்டும். தார்ச்சாலையும் பாதி இருந்தால் அதைவிட இடைவெளி குறைந்த டயர். முன்சக்கரத்துக்குத்தான் முதலிடம் கொடுங்கள், பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

டயரைவிடவும் அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது காற்று. தார்ச்சாலையில் 30 முதல் 36 பிஎஸ்ஐ வரை வைக்கச் சொல்லும் பைக்கை அதே அழுத்தத்தோடு சரளைக்கல்லில் ஓட்டினால் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். 22 முதல் 25 பிஎஸ்ஐ வரைக்கும் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றிக் கொஞ்சம் மடிந்து பிடிக்கும், தரையைத் தொடும் பரப்பும் கூடும். மணலில் இன்னும் குறைக்கலாம். எடை குறைந்த பைக்குகள் 15 பக்கம் போவதும் உண்டு.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. பெரிய கல் நிறைந்த பாதையில் காற்றை ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் அடித்து நெளியும், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். சுமை ஏற்றிய பைக்கில் கல் பாதை என்றால் 25-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. இன்னொன்று, காற்று குறைவாக இருந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழலும், டியூபையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் வால்வை அறுக்கும். அதனால் வால்வின் அடியில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே வால்வு மூடியோடு சேர்த்து வையுங்கள். வால்வு சாய்ந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளந்து குறையுங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறிக் கெட்டுவிடும். எனவே காற்றுமானியும் பம்ப்பும் எப்போதும் பையின் மேல்பக்கம் இருக்கட்டும், அடியில் போனால் சோம்பல் வந்துவிடும்.

6. பஞ்சரை வீட்டில் ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள்

டியூப்லெஸ் டயர் என்றால் ஆணியைப் பிடுங்கி, துளையைக் கரடாக்கி, பசை தடவிய திரியைச் சொருகினால் போதும். பத்து நிமிட வேலை. ஆனால் ஸ்போக் சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான், அதற்குத்தான் பழக்கம் வேண்டும். நல்ல டயரையே வேண்டுமென்று கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, வெயிலில் ஒரு கற்குவியலுக்குப் பக்கத்தில் அந்த மூன்று மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

சக்கரத்தைத் தூக்கும் முன்பே அச்சு நட்டைத் தளர்த்துங்கள், தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் பைக் சரியும். நடு ஸ்டாண்டு இல்லாவிட்டால் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி மறுபக்கம் ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள். கழற்றும் ஒவ்வொரு புஷ்ஷையும் வாஷரையும் ஒரு துணியில், கழன்ற வரிசையிலேயே வையுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள், பேட் ஒட்டிக்கொள்ளும்.

வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள். டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டியிருக்கும், அதைப் பிரிப்பதுதான் கடினம். இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் ஊன்றி அந்தப் பைக்கைச் சாய்த்தால் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது டயர் லீவர். இங்கே பலத்தால் ஜெயிக்கப் பார்த்துத்தான் டியூபில் இன்னும் இரண்டு ஓட்டை போடுகிறார்கள். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் மிதித்து வைத்தால், இந்தப் பக்கம் விளிம்பு தளர்ந்து வரும். லீவருக்குப் பலம் தேவைப்படுகிறது என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, மறுபடி மிதித்துவிட்டுத் தொடருங்கள். ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும்.

டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து டயரில் அதே இடத்தைத் தடவுங்கள். வெறும் விரலால் வேண்டாம், ஒரு துணியை உள்ளே ஓட்டிப் பாருங்கள், முள் இருந்தால் நூல் சிக்கும். ஒருமுறை கூட வந்தவர் புது டியூப் போட்டு, எல்லாம் மாட்டி, இருபது நிமிடம் ஓட்டிய பிறகு மறுபடி காற்று இறங்கியது. பழைய முள் டயரிலேயே இருந்தது, உள்பக்கம் அரிசி முனை அளவுக்குத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை இரண்டாக, பக்கம் பக்கமாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். ரிம்மில் நசுங்கிய காயம் அது, காற்று போதவில்லை.

ஒட்டும்போது டியூபைத் தேய்த்துக் கரடாக்கி, பசை தடவி, பசை மினுமினுப்பு போய் மங்கும் வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பத்து கிலோமீட்டரில் பிரியும். பின்பு டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று வைத்து உள்ளே போடுங்கள், மடிப்பு விழாது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் மாட்டத் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசியில் வால்வை ஒரு தடவை உள்ளே தள்ளி இழுத்தால், விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கவில்லை என்பது தெரியும்.

சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றை ஏற்றுங்கள். டப் என்று ஒரு சத்தம் வரும், சில சமயம் இரண்டு. டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தை மாட்டிய பிறகு, கிளம்பும் முன், பிரேக் லீவரையும் மிதியையும் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்தால் முதல் பிரேக் வெறுமையாக உள்ளே போகும்.

முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அல்லது 18 என்றால், ஒரே ஒரு மாற்று டியூபுக்குத்தான் இடம் இருந்தால் முன் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவசரத்துக்குப் பின்சக்கரத்தில் திணிக்கலாம், பின் டியூபை முன்சக்கரத்தில் போட முடியாது.

7. கருவிப் பை

கடையில் விற்கும் நூறு துண்டுப் பெட்டி வேண்டாம். பயணத்துக்குக் கொண்டுபோகப்போகும் கருவிகளை மட்டும் வைத்து, அடுத்த சர்வீஸை வீட்டில் நீங்களே செய்யுங்கள்: ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இரண்டு சக்கரமும் கழற்றுதல், செயின் சரிசெய்தல். எது இல்லாமல் தவித்தீர்களோ அதைச் சேருங்கள், தொடாமலே கிடந்ததை எடுத்துவிடுங்கள்.

அதோடு கிளட்ச் கேபிள், இரண்டு பக்கமும் லீவர், செயின் இணைப்பு, ஃபியூஸ், கம்பி, பிளாஸ்டிக் பட்டிகள், உலோகத்தை ஒட்டும் இருபாகப் பசை. கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே இப்போதே ஓட்டிக் கட்டி வைத்தால், அறுந்த அன்று இரண்டு முனையை மாற்றினால் போதும்.

8. இப்போதுதான் சுமை

பழகிய பிறகுதான் பை. மென்மையான துணிப் பைகளே மண் பாதைக்கு என்று உறுதியாகச் சொல்வேன். தடுமாறும்போது கால் தரையில் ஊன்றும், பைக் முன்னே நகரும், கெட்டியான பெட்டி என்றால் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து பிடித்து மடக்கும்.

எடையுள்ளவை கீழேயும் முன்னேயும், உங்கள் இடுப்புக்கு அருகில். உயரத்திலும் வாலிலும் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகி திசை பிடிக்காது. பட்டைகளை இறுக்கிக் கட்டிவிட்டு, பையைப் பிடித்து உலுக்குங்கள், பைக்கும் சேர்ந்து ஆட வேண்டும். பை மட்டும் ஆடினால் இன்னும் கட்டவில்லை. தொங்கும் பட்டை முனைகளை மடித்துச் செருகுங்கள், செயினில் சிக்கும்.

சுமை ஏறியதும் பின் சஸ்பென்ஷன் தாழும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி அச்சுக்கும் அதற்கு மேலே சீட்டுப் பக்கம் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளங்கள். அப்புறம் சுமையோடு, உடுப்போடு நீங்கள் ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதாவது 200 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் 60 முதல் 70. அதற்கு மேல் தாழ்ந்தால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டுங்கள்.

செயின் தளர்வையும் இப்போது மறுபடி பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் பின்சக்கரம் மேலே எழும்ப எழும்ப செயின் இறுகும். காலிப் பைக்கில் சரியாகத் தெரிந்த செயின், சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது கம்பிபோல் விறைத்து கியர்பாக்ஸின் பேரிங்கை இழுக்கும்.

9. வழியும் எரிபொருளும்

தார்ச்சாலையில் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் போகிறவர் மண்ணில் 150 போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தம், பஞ்சர், வழி தவறுதல் எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 25-30 கிலோமீட்டர்தான் வரும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நின்றுவிடும்படி திட்டம் போடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளமும் நிழலும் ஒன்றாகத் தெரியும், உடம்பும் அந்த நேரத்தில்தான் ஓய்ந்திருக்கும்.

மணலிலும் சேற்றிலும் பெட்ரோல் அதிகம் குடிக்கும். தார்ச்சாலையில் ஒரு டேங்குக்கு எவ்வளவு தூரம் வருகிறதோ அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். குடிக்கும் தண்ணீர் முதுகுப் பையில், குழாயோடு. பாட்டிலை எடுக்க நிற்க வேண்டியிருந்தால் குடிக்க மாட்டீர்கள், குடிக்காவிட்டால் மதியத்துக்கு மேல் முடிவுகள் தப்பும்.

வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வையுங்கள். செல்போனை ஹேண்டில்பாரில் அப்படியே மாட்டாதீர்கள்: பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே தன் ஐஃபோன்களுக்கு எச்சரிக்கை தந்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பான் போடுங்கள், இல்லை பழைய போனை வரைபடத்துக்கு என்றே ஒதுக்குங்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். பைக்கில் மாட்டினால், பைக் பள்ளத்தில் விழும் நாளில் அதுவும் அங்கேதான் கிடக்கும்.

எல்லை தாண்டுகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஒப்பந்தப்படியானதா, 1968 ஒப்பந்தப்படியானதா என்று போகும் நாட்டுக்கு ஏற்பப் பார்த்து வாங்குங்கள். கார்னே எனப்படும் சுங்க ஆவணம் (பைக்கைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுபோக, வைப்புத்தொகை கட்டி வாங்குவது) கேட்கும் நாடு என்றால், நுழையும்போது மட்டுமல்ல, வெளியேறும்போதும் முத்திரை வாங்கினால்தான் வைப்புத்தொகை திரும்பும்.

10. ஓர் இரவு ஒத்திகை

முழுச் சுமையோடு, ஒரு நாள் போய், வெளியே தங்கி, மறுநாள் திரும்புங்கள். மூன்றாவது படியில் பழகிய எட்டை சுமையோடு மறுபடி போடுங்கள். எந்தப் பட்டை தளர்ந்தது, எந்த போல்ட் கழன்றது, எந்தப் பொருளைத் தேட எல்லாப் பையையும் பிரித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இதற்கு அப்புறம் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், கண்டுபிடித்ததைச் சரிசெய்ய நேரம் வேண்டும்.

11. மணல், ஏற்றம், இறக்கம்

மணலில் முன்சக்கரம் பாம்புபோல் அலையும். அதை அடக்க நினைத்துக் கைப்பிடியை இறுக்கினால் விழுவீர்கள். நின்று, எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, தூரத்தைப் பாருங்கள், கால்மிதியை அழுத்தித் திருப்புங்கள். பயம் வரும்போது ஆக்சிலேட்டரை மூடத்தான் தோன்றும். மூடியதும் எடை முன்னால் போய் சக்கரம் மணலில் புதைந்து பைக் கவிழும். ஆகவே மெல்லத் திறந்தே வைத்திருங்கள். நிற்பதென்றால் இறங்கு சரிவிலோ கெட்டியான இடத்திலோ நில்லுங்கள், மறுபடி கிளம்ப வேண்டுமே.

ஏற்றத்தில் வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொண்டு, பாதி வழியில் கியர் மாற்றாமல் ஏறுங்கள். உடம்பு முன்னால். நடுவில் நின்றுபோனால் முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், செங்குத்தில் முன்சக்கரம் லேசாக இருப்பதால் பூட்டியபடியே பின்னால் சறுக்கும். எஞ்சினை அணையவிட்டு, கியரில் இருக்கும்போதே கிளட்ச்சை விட்டுவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டு, அதையே பிரேக்காக வைத்துப் பின்னால் இறங்கலாம்.

இறக்கத்தில் முதல் கியர், கிளட்ச்சைத் தொடவே கூடாது. கிளட்ச்சைப் பிடித்த கணமே எஞ்சினின் பிடி போய் பைக் பாயும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

கூட்டமாகப் போனால் தூசு அடங்கும் தூரம் விட்டு ஓட்டுங்கள். ஒவ்வொருவரும் வழி பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும் என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

12. தண்ணீரைக் கடப்பது

பைக்கை நிறுத்திவிட்டு முதலில் நடந்து கடந்து பாருங்கள். நடக்க முடியாத இழுப்பில் ஓட்டவும் முடியாது. ஆழம், அடியில் இருக்கும் கல், அக்கரையில் ஏறும் இடம் மூன்றும் தெரிய வேண்டும். உங்கள் பைக்கில் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவைத்திருக்க வேண்டும், தண்ணீர் அதற்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். புதியவர்களுக்கு முழங்கால் அளவே எல்லை.

மெதுவாக இறங்குங்கள். முதல் அல்லது இரண்டாம் கியர், சீரான ஆக்சிலேட்டர், கண் அக்கரையில். வேகமாகப் பாய்ந்தால் தெறிக்கும் தண்ணீர் ஏர் ஃபில்டருக்குள் போகும். சந்தேகம் இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு பேராகத் தள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

நடுவில் விழுந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்று தோன்றினால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கூட வந்த ஒருவர் பதற்றத்தில் அழுத்தினார். ஒரே ஒரு முறை, மட்டென்று ஒரு சத்தம். அந்தப் பைக் லாரியில்தான் ஊர் திரும்பியது.

செய்ய வேண்டியது: கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்து, அதன் பெட்டியில் இருக்கும் தண்ணீரை வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, துளைக்கு நேராக முகம் வைக்காமல் எஞ்சினைச் சுழற்றுங்கள், தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். வருவது நின்ற பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்தது போல வெளுத்துத் தெரிந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. எல்லாம் சரி என்றாலும் கடந்த பிறகு சிறிது தூரம் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஓட்டி உலர்த்துங்கள்.

13. ஒவ்வொரு மாலையும், திரும்பிய அன்றும்

தங்குமிடம் வந்ததும் உட்காருவதற்கு முன் பத்து நிமிடம். செயின் சூடாக இருக்கும்போதே ஆயில் போடுங்கள், இரவெல்லாம் உள்ளே இறங்கும். ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள், நல்லது கணீர் என்று சொல்லும், தளர்ந்தது தொப்பென்று ஒலிக்கும். டயரில் முள், போல்ட்டுகள், ஆயில் கசிவு பாருங்கள். தூசுப் பாதை என்றால் ஏர் ஃபில்டரை அன்றன்றைக்கே பாருங்கள்.

வீடு திரும்பியதும் கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரைச் சக்கர பேரிங்கின் மேல் நேராக அடிக்காதீர்கள், கிரீஸ் போய்விடும். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் பைகளைத் தரையில் கொட்டி, பயணத்தில் ஒருமுறைகூடக் கையில் எடுக்காத பொருட்களைத் தனியாக ஒதுக்குங்கள். முதலுதவிப் பொருட்களும் பஞ்சர் சாமானும் பைக்குத் திரும்பட்டும். மிச்சத்தை அடுத்த தடவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.